காணிப்பாக்கத்தில் ரூம் போடுமுன்

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தால் வேலூர், சித்தூர், காணிப்பாக்கம், அப்புறம் திருப்பதி. கிணற்றில் சுயம்புவாய் வந்த இந்தப் பிள்ளையார் முன் பொய்ச்சத்தியம் பண்ண ஊரே பயப்படும். "ரூம் க்ளீன் சார்" மட்டும் லாட்ஜ் வரவேற்பறையில்தான் சொல்வார்கள் :-)

பெட்டிகள் வாசலிலேயே நிற்கும். மெத்தைத் தையலோரம் கரும்புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி, வேறு ரூம். தாழ்ப்பாள் சரியாய் விழுகிறதா, பாத்ரூம் ஜன்னலுக்கு வெளியே என்ன? பிறகு விளக்கணைத்து ஸ்மோக் டிடெக்டர், கடிகாரம், ப்ளக் பாயிண்ட் எல்லாவற்றிலும் மொபைல் டார்ச் அடிப்பேன். கேமரா லென்ஸ் இருந்தால் பெரும்பாலும் மினுக்கும். பெண்களை இப்படி ஒளிந்து படமெடுப்பது 2013-லிருந்து தனிக்குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவு. ஆனால் கேஸ் போடுவது படம் எடுத்த பிறகுதானே?

"கேஷ் எண்ற மாதிரியே பண்றீங்கப்பா" என்று கிண்டலடிப்பாள் பிளஸ் டூ மகள். அடிக்கட்டும். முதலில் குளிக்கப் போகிறவள் அவள்தான்.