செரமிக் பிரேக்கும் மலைநாட்டு இறக்கமும்

பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களைக் கடந்துவிட்ட எனக்கு, அடிக்கடி கண்ணில் பட்ட வசனங்களில் ஒன்று ‘பிரேக் செயலிழந்ததால் வாகனம் பள்ளத்தில் பாய்ந்தது’ என்பதாகும். பெரும்பாலும் அந்த வசனத்துடன் செய்தி முடிந்துவிடும். 2025 செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தபோதும் பிரேக் பற்றிய பேச்சே முதலில் எழுந்தது. பிரேக் ஏன் செயலிழக்கிறது என்ற கேள்வி அண்மையில் என் சொந்த வாகனத்தின் வழியாகவே என்னிடம் வந்து சேர்ந்தது.

என்னுடையது பத்து வயதைத் தாண்டிய ஜப்பானிய கார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனால் இன்றைய வரியோடு சேர்ந்த விலை ஓர் ஊடகவியலாளனுக்கு எட்டும் விலையன்று. எனவே இருப்பதைப் பேணியாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஹட்டனிலுள்ள என் தங்கை வீட்டுக்குப் போய் வருகிறோம். பின் இருக்கையில் எண்பது வயதைத் தாண்டிய அம்மா இருப்பார்.

முன் சில்லுகளின் பிரேக் பேட் தேய்ந்துவிட்டதைக் காட்டிய கராஜ் தம்பி சொன்னார்: “ஐயா, இந்தமுறை செரமிக் போட்டுப் பாருங்கோ. சத்தமும் இல்லை, சில்லில கரியும் பிடியாது.”

“மலையில இறங்க எப்பிடித் தம்பி?”

“எல்லாரும் நல்லதெண்டுதான் சொல்லுகினம்.”

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. நான் கலைப்பட்டதாரி. ஆயினும் பாடசாலையில் படித்த பௌதிகவியலே இந்தக் கணக்குக்குப் போதும். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் உள்ளது. கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலையை அடைவதற்குள் 1,000 மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு தூரம் கீழிறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறத்தாழ 45 லீற்றர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றும் இயந்திரமும் வாங்கிக்கொள்வது போக மிகுதி முழுவதும் பிரேக்கிலேயே வெப்பமாக மாறுகிறது. அளவு மீறிச் சூடேறினால் பேட்டின் பிடிமானம் குறையும். பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வாகனம் நிற்க மறுக்கும்.

செரமிக் பேட் என்பது 1980களில் அஸ்பெஸ்டஸுக்கு மாற்றாக உருவானது. செரமிக் நார்களும் நிரப்பிகளும் பிசினால் இறுக்கப்பட்ட கலவை அது. பந்தயக் கார்களில் உள்ள கார்பன் செரமிக் டிஸ்க் முற்றிலும் வேறானது. செரமிக் பேட்டின் நற்குணங்கள் உண்மையானவை: சத்தம் குறைவு, தூசு குறைவு, டிஸ்க்கும் மெதுவாகவே தேயும். கொழும்பின் காலை நெரிசலுக்கு அது மிகவும் பொருந்தும். உலோகத்தூள் அதிகம் கலந்த பேட்கள் இரைச்சலும் கரியும் தந்தாலும் கடும் சூட்டை நன்கு தாங்குவன. பாரம் ஏற்றுவோரும் இழுவை வண்டி பூட்டுவோரும் அவற்றை நாடுவது அதனால்தான். என் போன்ற சாதாரண காருக்கு இரண்டும் போதும். ஆனால் பெட்டியில் ‘செரமிக்’ என்று அச்சிடுவதற்கு எந்தப் பரீட்சையும் இல்லை. அது வெறும் தலைப்பு. செய்தி வேறிடத்தில் இருக்கிறது.

அமெரிக்க முறையைப் பின்பற்றும் பேட்களின் விளிம்பிலோ பின்புறத்திலோ நீண்ட குறியீடு ஒன்று இருக்கும். அதன் இறுதியில் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் காணலாம். முதலாவது சாதாரண வெப்பத்திலும் இரண்டாவது சூடேறிய நிலையிலும் பேட்டின் உராய்வுக் குணகத்தைக் குறிக்கும். ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை. ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை. ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. மலை இறங்குபவர் பார்க்க வேண்டியது இரண்டாவது எழுத்தை. ‘எஃப்ஈ’ என்றிருந்தால் சூட்டில் பிடிமானம் இறங்குகிறது என்று பொருள். இந்த எழுத்துகள் முழுமையான தரச்சான்று அல்ல. ஐரோப்பிய முறையில் வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் அருகே ‘90ஆர்’ என்றும் இருந்தால், அதன் தடுப்பாற்றல் அந்தக் காரின் மூலப் பேட்டிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகவில்லை என்று பரீட்சிக்கப்பட்டிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டே பஞ்சிகாவத்தைக்குப் போனேன். முதற் கடையில் தந்த பெட்டியில் ‘செரமிக்’ பெரிதாக இருந்தது, பேட்டில் ஓரெழுத்தும் இல்லை. வேறொரு கடையில் ‘எஃப்எஃப்’ குறியும் 90ஆர் முத்திரையும் உள்ள ஒன்று கிடைத்தது. அதுவும் செரமிக்தான், விலை சற்று அதிகம். அதையே வாங்கினேன். ஆயினும் நான் பணம் கொடுத்தது செரமிக் என்ற சொல்லுக்காக அல்ல.

பேட் மாற்றுகையில் பிரேக் ஒயிலையும் மாற்றச் சொன்னேன். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 பாகை செல்சியஸ். ஈரமேறிய ஒயிலுக்கு அந்த எல்லை 140 மட்டுமே. ஒயில் கொதித்துக் குமிழி விட்டால் உலகின் மிகச் சிறந்த பேட்டும் பயன்தராது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவது நல்லது.

புதிய பேட்டோடு முதல் இருநூறு கிலோமீற்றரைக் கொழும்பிலேயே மெதுவாக ஓட்டிப் பழக்கிய பின்னரே ஹட்டனுக்குப் புறப்பட்டோம். திரும்பி வருகையில் கினிகத்தேனை இறக்கத்தில் கியரைக் குறைத்து, இயந்திரத்தின் இழுவையிலேயே இறங்கினேன். பின்னால் வந்த வான் ஒன்று ஹோர்ன் அடித்து முந்திச் சென்றது. “அவசரப்படாத ராசா” என்றார் அம்மா.