மதரஸா கணினியும் நாம் சுமத்திய பழியும்



இராயபுரத்தில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவின் அலுவலறையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. 2008-இல் ஒரு சகோதரர் தம் தந்தையின் நினைவாக வாங்கிக் கொடுத்தது. மாணவர் பதிவேடு, தேர்வு மதிப்பெண்கள், சந்தாக் கணக்கு, வஃபாத்தாகிவிட்ட நம் மூத்த ஆசிரியர் தட்டச்சு செய்து வைத்த பாடக் குறிப்புகள் ஆகிய யாவும் அதனுள்தான் இருந்தன. வேறு நகல் கிடையாது.

கடந்த ஷஃபானில், ஆண்டுத் தேர்வு மதிப்பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அது தகராறு செய்யத் தொடங்கியது. இருபது நிமிடம் ஓடும். திடீரெனத் திரை இருண்டு, தானே முதலிலிருந்து தொடங்கும். அஸருக்கு முந்தைய நேரத்தில்தான் தொல்லை அதிகம்.

மதிப்பெண் ஏற்ற நமக்கு உதவியவர் காசிமேட்டைச் சேர்ந்த பதினைந்து வயது மாணவர். அவர் முந்தைய வாரம் தம் பென்டிரைவை அதில் செருகியதை நாம் பார்த்திருந்தோம். "நீதான் வைரஸைக் கொண்டுவந்து ஏத்திட்டே" என்று ஐந்தாறு மாணவர்கள் முன்னிலையில் சொல்லிவிட்டோம். அவர் மறுத்துப் பேசவில்லை. அடுத்த நாள் முதல் அலுவலறைப் பக்கம் வரவுமில்லை.

அன்று காலை நாம் நடத்திய பாடம் எதுவென்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உளூ செய்தது உறுதி, முறிந்ததா என்பது ஐயம் என்றால், உறுதியானதையே கொள்ள வேண்டும் என்னும் ஃபிக்ஹுச் சட்டத்தைத்தான் கரும்பலகையில் எழுதி விளக்கியிருந்தோம். அந்த மாணவர் நேர்மையானவர் என்பது மூன்றாண்டுகளாக நாம் உறுதியாக அறிந்தது. வைரஸ் என்பது நம் ஐயம். வைரஸ் தடுப்பு மென்பொருளை ஓட்டியபோது அது இரண்டு மூன்று கோப்புகளைப் பிடித்துக் காட்டியது. அவை ஆண்டுக்கணக்காக அங்கேயே கிடந்தவை. ஆயினும் நம் மனம் அதையே சான்றாக எடுத்துக்கொண்டது.

திருவொற்றியூரில் கணினி பழுது பார்க்கும் சகோதரர் ஒருவர் இரண்டு நாள் கழித்து வந்தார். "ஹஜ்ரத், முதல்ல ஹார்டு டிஸ்க்கைக் கழட்டி காப்பி எடுத்துடுவோம். எழுதுற நேரத்துல நின்னுபோனா ஃபைல் கெட்டுடும்" என்றார். அவர் சொன்னது முன்பே நடந்துவிட்டிருந்தது. இரண்டு வகுப்புகளின் மதிப்பெண் கோப்புகள் திறக்கவில்லை. ஆசிரியரின் குறிப்புகள் அப்படியே இருந்தன, அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு விண்டோஸில் ஒரு மாற்றம் செய்தார். கோளாறு நேரும்போது தானாக மறுதொடக்கம் செய்யும் ஏற்பாடு அதில் இருக்கிறது. அதை நிறுத்தி வைத்தார். மென்பொருளோ டிரைவரோ காரணமென்றால் இனி நீலத் திரை வந்து, பிழை எண்ணுடன் அப்படியே நிற்கும். நீலத் திரை வராமலே மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் மின்சாரமோ வெப்பமோதான் காரணம் என்றார். அரை மணி நேரத்தில் கணினி மறுபடி தொடங்கியது. நீலத் திரை வரவில்லை. நாம் சொன்ன வைரஸ் கதை அப்போதே வலுவிழந்துவிட்டது.

யூபிஎஸ்ஸை விலக்கி நேரே சுவர் பிளக்கில் செருகிப் பார்த்தார், மாற்றமில்லை. கேபினட்டைத் திறந்தபோது உள்ளே கறுத்த, பிசுபிசுத்த தூசி. நம் பகுதியினருக்கு அந்தக் கறுப்பு புதிதன்று. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும்வரை, மொட்டை மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் கறுப்பாகும். நிலக்கரி எண்ணூருக்குப் போனது. அங்குள்ளவர்கள் இன்றும் அதைச் சுவாசிக்கிறார்கள். நமக்குக் கண்டெய்னர் லாரிப் புகையும் உப்புக்காற்றும் மிச்சம். உப்பு கலந்த தூசி ஈரத்தை இழுக்கும். உலோக முனைகள் துருப்பிடிக்கும்.

அவர் ப்ளோயரால் தூசியை ஊதி, ரேமின் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, பிராசசர் மேல் காய்ந்து கிடந்த பேஸ்டைத் துடைத்துப் புதிது தடவினார். மேற்குச் சன்னல் வெயில் நேரே படும் இடத்திலிருந்து கேபினட்டையும் நகர்த்தினோம். ஒரு மணி நேரத்திற்கு மேல் ஓடியது. சரியாகிவிட்டது என்று மகிழ்ந்தோம். மறுநாள் மீண்டும் அதே கதை.

அடுத்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 12 வோல்ட் 11.4-க்குக் கீழே போகக் கூடாது. வேலை கொடுத்தவுடன் அது 11.1 காட்டியது. மின்னழுத்தம் இப்படி விழும்போது, மின்சாரம் சரியாக இருக்கிறது என்று எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு அனுப்பும் சைகை அறுபடும். மதர்போர்டு உடனே தன்னை நிறுத்தித் தொடங்கிக்கொள்ளும். தம் கடையிலிருந்த வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிவிட்டுப் போனார். மூன்று நாள் ஒரு முறைகூட நிற்கவில்லை. பழையதைத் திறந்து காட்டியபோது இரண்டு கபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. உள்ளிருக்கும் திரவம் வெப்பத்தில் சிதைந்து வாயு உருவாவதால் வருவது இது. வெப்பம் 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். வீட்டில் யாரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

ரிச்சி தெருவில் புது எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டியாயிற்று. கணினிக் கோளாறு அத்துடன் தீர்ந்தது.

பழி சொன்னது பலர் முன்னிலையில். தனியே அழைத்து மன்னிப்புக் கேட்கலாமே என்று நஃப்ஸ் வழி காட்டியது; ஓரிரவு முழுக்க அதோடு மல்லுக்கட்டினோம். மறுநாள் வகுப்பில், அதே மாணவர்கள் இருக்கையில், உப்பிய கபாசிட்டரைக் கையில் எடுத்துக் காட்டி, "தப்பு இதுல இருந்தது. விசாரிக்காம உன்மேல போட்டோம். எங்களை மன்னிச்சுடு" என்றோம். வகுப்பு அமைதியாகிவிட்டது. அவர் எழுந்து நின்று, "பரவாயில்லை ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். குரல் இடறியது. அந்தப் "பரவாயில்லை" முழு மனத்தோடு வந்ததா என்று நமக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் நமக்கில்லை.

அன்று அஸருக்குப் பின் அவர் அலுவலறைக்கு வந்தார். கெட்டுப்போன இரண்டு வகுப்பு மதிப்பெண்களையும் விடைத்தாள்களிலிருந்து நாம் வாசிக்க, அவர் தட்டச்சு செய்தார். மஃரிப் பாங்கு சொல்லும்வரை முதல் வகுப்புதான் முடிந்திருந்தது.