அளவு மறந்த தையற்காரர்

இரைப்பைப் புண் ஓட்டையாகி மூன்றாம் நாள்தான் அவரைக் கொண்டுவந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய தையற்காரர். திறந்து பார்த்தால் வயிறு முழுக்கச் சீழ். ஓட்டையை அடைத்து, வயிற்றைக் கழுவி, ஐசியுவுக்கு அனுப்பினோம். இரத்த அழுத்தம் விழாமலிருக்க நார்அட்ரினலின், மூச்சுக்கு வெண்டிலேட்டர், நடுவில் சில நாள் டயாலிசிஸ். பத்தொன்பதாம் நாள் வார்டுக்கு மாறினார். நோயாளிகளைப் பின்தொடர நான் வைத்திருக்கும் பதிவேட்டில் 28-ஆம் நாளுக்கு நேரே ‘உயிருடன்’ என்று எழுதினேன். மகிழ்ச்சியோடுதான் எழுதினேன்.

மூன்று மாதம் கழித்துப் போன் செய்தேன்.

“நல்லா இருக்கேன் சார்.”

“கடை திறந்தாச்சா?”

பதில் வரச் சற்று நேரமாயிற்று. “அளவெடுத்து டேப்பைக் கீழ வைக்கிறதுக்குள்ள நம்பர் மறந்துபோகுது சார். மிஷின மிதிச்சா பத்தே நிமிஷம், தொடை கடுக்குது.”

புண் ஆறியதா, காய்ச்சல் உண்டா, சாப்பாடு இறங்குகிறதா என்று மட்டும் கேட்டிருந்தால், அவர் என் கணக்கில் குணமானவர்.

அவருக்கு வந்தது செப்சிஸ். அது கிருமி மட்டும் செய்கிற வேலையன்று. தொற்றை எதிர்க்கக் கிளம்பும் உடல் நிலைதடுமாறித் தன் உறுப்புகளையே சிதைப்பது அது. 2016-இல் வந்த வரையறையும் அதைத்தான் சொல்கிறது. சீழின் மூலத்தைக் கத்தி அகற்றும், கிருமியை மருந்து கொல்லும். தடுமாற்றமோ எல்லோருக்கும் அதோடு நின்றுவிடுவதில்லை. அழற்சி கனன்றுகொண்டே இருக்க, நோய் எதிர்ப்புச் சக்தி சோர்ந்துபோக, தசை கரைந்துகொண்டே போகும். இந்த மூன்றும் சேர்ந்த நிலைக்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஃப்ரெடரிக் மூர், லைல் மோல்டாவர் குழுவினர் 2012-இல் ஒரு பெயர் கொடுத்தார்கள். பின்னர் அறுவை சிகிச்சை ஐசியுக்களில் செப்சிஸ் வந்தவர்களை ஓராண்டு வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இரண்டு வாரம் கடந்தும் உறுப்புகள் தேறாமல் ஐசியுவிலேயே கிடந்தார். அப்படிக் கிடந்தவர்களில் ஐந்தில் இருவர் ஓராண்டு முடிவதற்குள் இறந்துபோனார்கள்.

தையற்காரரின் தொடைக்கும் விளக்கம் உண்டு. ஐசியு நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்த லண்டன் ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. பத்தே நாளில் தசையின் குறுக்குப் பரப்பு 18 விழுக்காட்டளவு குறைந்திருந்தது. மறதிக்கும் விளக்கம் உண்டு. அமெரிக்க முதியவர்களைப் பற்றி தியோடர் இவாஷினா 2010-இல் வெளியிட்ட ஆய்வில், செப்சிஸுக்குப் பின் வந்த அறிவாற்றல் குறைவு ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

மீண்டவர்களைப் பின்தொடரும் என் வேலையில் கைப்பழக்கம் என்று ஒன்று இருக்குமானால், அது கேட்கத் தெரிவதுதான். ஆறு நிமிட நடைச் சோதனையும் கைப்பிடி வலுவை அளக்கும் கருவியும் தேவைதான். ஆனால் தரையில் சம்மணமிட்டவர் கை ஊன்றாமல் எழுகிறாரா என்பதை அவை சொல்லாது. ‘நல்லா இருக்கேன்’ என்பது மரியாதைக்குச் சொல்லும் பதில். அதற்கப்புறமும் போனை வைக்காமல் காத்திருக்க வேண்டும். தொழிலைப் பற்றிக் கேட்க வேண்டும். வீட்டில் உடனிருப்பவரிடமும் பேச வேண்டும்.

பதிவேட்டில் என்னை மிகவும் உறுத்துபவை வெற்றுக் கட்டங்கள். போன் எடுக்காதவரைத் தவிர்த்துவிட்டுச் சராசரி போட்டால் கணக்கு அழகாக வரும். எடுக்க முடியாத நிலையில் இருப்பவரே பெரும்பாலும் எடுப்பதில்லை. அதனால் ஒருமுறை கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டு எண்ணுக்கும் பேசுகிறேன்.

இப்போதெல்லாம் மயக்க மருந்தைக் குறைக்க முடிந்த அன்றே, வெண்டிலேட்டரில் இருக்கும்போதே, பிசியோதெரபிஸ்ட்டை அழைத்துவிடுகிறேன். உணவில் புரதம் எவ்வளவு என்று தினமும் பார்க்கிறேன். டிஸ்சார்ஜுக்கு முன் குடும்பத்தாரை உட்காரவைத்து, “மறதி வரும், சோர்வு வரும், சோம்பேறித்தனம்னு திட்டிடாதீங்கம்மா” என்று சொல்கிறேன். தையற்காரரின் மனைவிக்கு அன்று யாரும் இதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஓராண்டு முடிந்ததும் அவரே வந்தார். ரவிக்கையும் சட்டையும் இன்னும் கைகூடவில்லை. தலையணை உறை தைக்கிறார். அளவை மனத்தில் வைப்பதில்லை, எடுத்த கையோடு துணியின் ஓரத்தில் சாக்கட்டியால் எழுதிவிடுகிறாராம். பதிவேட்டில் ‘உயிருடன்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் புதிதாகக் கோடிழுத்து, அதையும் எழுதினேன்.