ஆவணி வெயிலின் அருமை

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பது நம் பெரியோர் வாக்கு. வெயிலின் அருமை எங்கே தெரியும்? இக்கேள்வியை வன்னியிலே, அதுவும் ஆவணி மாதத்திலே எவரிடமாவது கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கிணற்று நீர் நாளுக்கு நாள் கீழே இறங்குவதையும், புல் பொசுங்குவதையும், மாடுகள் நிழல் தேடி அலைவதையும் மாதக் கணக்காகக் கண்டு சலித்தவர்களுக்கு வெயில் என்ன விருந்தாளியா, வருக வருக என்று வரவேற்பதற்கு? ஆயினும் நாம் துணிந்து ஒன்று சொல்வோம். வீட்டை விட்டு வெளியே வந்து உலாவுவதற்குக் கோடையின் இந்தக் கடைசி வாரங்களைப் போல வாய்ப்பான காலம் எங்கள் தர்மபுரத்திலே வேறில்லை.

காரணம் இல்லாமல் இதைச் சொல்லவில்லை. கதிரவன் ஆண்டுக்கு இருமுறை நம் உச்சந்தலைக்கு நேரே வருகிறான். வடக்கு நோக்கிச் செல்லும்போது சித்திரைப் பிறப்பை ஒட்டி ஒரு முறை. தெற்கே திரும்பும்போது ஓகஸ்ட் மாதக் கடைசியில் மறு முறை. அன்று நண்பகல் பன்னிரண்டு மணி கழிந்து சில நிமிடங்களில் முற்றத்திலே நேராக நாட்டிய கம்புக்கு நிழலே இராது. பிள்ளைகளுக்குக் காட்டிப் பாருங்கள். பாடப் புத்தகத்திலே பத்து முறை படித்தாலும் மனத்திலே பதியாதது ஒரு கம்பினாலே பதிந்துவிடும். அதன் பின்னர் நண்பகல் நிழல் மெல்ல மெல்ல வடக்கே நீளத் தொடங்கும். அது நமக்கு ஓர் அறிவிப்பு. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலேதான் இங்கே பொழிகிறது. அது வந்துவிட்டால் ஒழுங்கை சேறாகும், வயல் வேலை தொடங்கும், நுளம்பும் பெருகும். சிறுபோக நெல் வீட்டுக்கு வந்து, காலபோக விதைப்பு இன்னும் தொடங்காத இந்த இடைவெளியே உழவர் குடும்பங்களுக்குக் கிடைக்கும் ஓய்வு. இதை நித்திரையிலே கழிக்கலாமா?

நண்பகல் வெயிலிலே நின்று வாடுங்கள் என்று நாம் எவரையும் தூண்டவில்லை. காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை வேப்பமர நிழலே தஞ்சம். நாம் பேசுவது அதற்கு முன்னும் பின்னும் உள்ள பொழுதுகளை.

முதலில் துவிச்சக்கர வண்டி. பொழுது புலரும் வேளையில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலே மேற்கு நோக்கி வண்டியை மிதித்துச் சென்றால் முரசுமோட்டை வயல்கள் வருகின்றன. அறுவடை முடிந்து, இரணைமடுத் தண்ணீர் நின்று, ஒட்டுகள் மட்டும் பொன்னிறமாகக் கிடக்கும் வயல்கள். வீதியோரத்தில் நெல்லைப் பரப்பிக் காய விடுவோர் காலாலே அதைக் கிளறிக்கொண்டு நிற்பர். அந்த மணம் இருக்கிறதே, அதைப் பேருந்திலே போகிறவர் அறியமாட்டார்.

இந்தப் பயணத்திலே சோளகக் காற்று நமக்கு ஒரு பாடமும் கற்பிக்கிறது. அது தென்மேற்கிலிருந்து வீசுவது. ஆகையால் போகும்போது அது நம் முகத்திலே மோதும்; பத்து மிதி மிதித்தால் ஐந்து மிதியைக் காற்றே பறித்துக்கொள்ளும். திரும்பி வரும்போதோ பின்னால் நின்று பிடித்துத் தள்ளிவிடும். முன்னே உழைப்பு, பின்னே இன்பம் என்ற நீதியை இதைவிட எளிதாக எந்த ஆசிரியர் சொல்லித்தர முடியும்?

துவிச்சக்கர வண்டிக்கும் கோடைக்கும் உள்ள உறவு பழையது. 1815 ஆம் ஆண்டு இந்தோனேசியாவிலே தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதன் தூசு வானத்தை மறைக்க, மறு ஆண்டில் ஐரோப்பாவுக்குக் கோடையே வாராமற் போயிற்று. பயிர்கள் அழிந்தன, குதிரைகளுக்குத் தீனி அருகிற்று. 1817 இல் ஜெர்மனியரான கார்ல் டிராய்ஸ் என்பவர் இரண்டு சக்கரமுள்ள, காலால் நிலத்தை உந்திச் செல்லும் வண்டியொன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். குதிரைப் பஞ்சமே அவரை அதற்குத் தூண்டியது என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். அது மெய்யானால், இழந்த ஒரு கோடை உலகுக்குத் தந்த ஈடு இவ்வண்டி எனலாம்.

பஞ்ச காலத்துக்கு இவ்வண்டி துணை என்பதை வன்னி மக்களுக்கு வேறு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடை நிலவிய காலத்திலே எரிபொருள் கிட்டாத பொருளாயிற்று. அப்போது விறகும் நெல்மூட்டையும் நோயாளரும் மணமக்களும் சென்றது துவிச்சக்கர வண்டியிலேதான். மின்கலம் இல்லாத வீடுகளிலே வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தால் வானொலி கேட்டோம். 2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையிலே நின்றபோது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பழைய வண்டிகளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, அமைதியாகப் புறப்பட்டார்கள். அன்று தேவைக்கு மிதித்தோம். இன்று ஆசைக்கு மிதிக்கலாம். இந்த மாற்றத்தின் பெருமையை நாம் உணரவேண்டும்.

அடுத்தது தோட்டம். கோடை முடிவிலே வளவுக்குள் என்ன வேலை என்று கேட்பவர் உண்டு. வேலை நிறையவே உண்டு. கத்தரிக்கும் வெண்டிக்கும் பயிற்றைக்கும் காலை ஏழு மணிக்கு முன்னரும் மாலை ஐந்து மணிக்குப் பின்னரும் நீர் வார்த்தால், வார்த்த நீர் வேருக்குச் சேரும். உச்சி வெயிலில் வார்த்தாலோ பாதியை வானம் குடித்துவிடும். பாத்திகளின் மேல் வைக்கோலையோ சருகையோ பரப்பி மூடினால் மண் ஈரம் காக்கும். பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குப் போகட்டும். கிணறு மிகவும் வற்றும் காலம் இதுவாகையால் வாளி நீர் ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் பழகுவதே ஒரு கல்வி.

பெருமழைக்கு முன் மிளகாய்க்கு நாற்றுமேடை ஆயத்தம் செய்வதும் இப்போதுதான். எரு சேர்த்து, மண்ணைக் கைவிரலால் பொடியாக்கி, விதை தூவி, மேலே கிடுகு சாய்த்து நிழல் கொடுத்துவிட்டு நாள்தோறும் போய்ப் பார்ப்பதிலே உள்ள இன்பம் தனி. பனம்பழம் விழும் காலமும் இதுவே. இரவிலே தொப்பென்று விழும் ஓசை கேட்டால், விடியுமுன் யார் பொறுக்குவது என்று சிறுவர்களுக்குள்ளே போட்டி! பழத்தைப் பிசைந்து களி எடுத்துப் பணியாரம் சுடலாம்; பனாட்டுப் போடலாம். மீந்த கொட்டைகளைப் பாத்தியிலே அடுக்கி மண் மூடிவிட்டால் தைமாதம் அளவிலே கிழங்கு. ஒன்றையும் வீசாத இந்தச் சிக்கனம் நம் பாட்டிமார் விட்டுச் சென்ற சொத்து அல்லவா?

மூன்றாவது, நடை. வளர்ந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமேனும் உடலை அசைத்து நடக்க வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளொன்றுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரி. ஆனால் நாம் நடப்பது கணக்குக்காக அன்று. தெற்கே கல்மடுக்குளத்துப் பக்கம் மாலையிலே ஒரு முறை போய்ப் பாருங்கள். நீர் வற்றிய ஓரத்திலே நாரைகளும் கொக்குகளும் ஒற்றைக் காலிலே நின்று மீனுக்குத் தவம் செய்யும். வடதிசைக் குளிருக்கு அஞ்சிப் புறப்பட்ட பறவைகளுள் முந்தி வருபவை ஆவணி முடிவிலே இப்பக்கம் தலைகாட்டும். காட்டோரத்திலே பாலைப்பழம் முடிந்திருக்கும். விளாம்பழம் மணக்கத் தொடங்கியிருக்கும். குளக்கட்டிலே காற்று வாங்கி நிற்கும்போது அன்றைய வெப்பம் முழுவதும் எங்கோ போய்விடும்.

அந்தக் குளக்கட்டு 2009 ஜனவரியிலே போரின் நடுவே உடைக்கப்பட்டது. பின்னர்த் திருத்திக் கட்டப்பட்டது. தர்மபுரத்துக்கும் அதே கதைதான். 2008 இன் கடைசி மாதங்களிலே கிளிநொச்சி மருத்துவமனையே இடம்பெயர்ந்து வந்து இங்கே இயங்கியது. சனத்திரளால் ஊர் பிதுங்கிற்று. 2009 ஜனவரி நடுப்பகுதிக்குள் அத்தனை சனமும் கிழக்கே நகர்ந்தது. இன்று நாம் காலையிலே உல்லாசமாக வண்டி மிதிக்கும் இதே வீதியில், அன்று வண்டியின் இருபுறமும் பைகளைக் கட்டி, மிதிக்க இடமின்றி உருட்டிச் சென்றோம். அதன் பின் எத்தனையோ நாட்களைப் பதுங்குகுழியிலே கழித்தோம். தலைக்கு மேலே மரக்குற்றியும் மண்மூட்டையும். உள்ளே இருட்டும் ஈரமும். குழியின் வாயிலிலே கையளவு விழும் வெயிலைக் குழந்தைகள் பிடித்து விளையாடின. வெயிலின் அருமை எங்கே தெரியும் என்று தொடக்கத்திலே கேட்டோமே, விடை இதுதான்: அந்தக் குழிக்குள்ளே தெரியும்.

திரும்பி வந்த பின்னரும் நிலம் உடனே நம்முடையதாகவில்லை. சிவப்புப் பலகையும் மண்டையோட்டுப் படமும் எத்தனையோ இடங்களிலே வழி மறித்தன. "பாதையை விட்டு இறங்காதே" என்பதே பிள்ளைகளுக்கு நாம் கற்பித்த முதற் பாடமாயிற்று. கண்ணிவெடி அகற்றுவோர் வெயிலிலே கவசம் அணிந்து, முழந்தாளிட்டு, நிலத்தை அங்குலம் அங்குலமாகத் தோண்டித் துப்புரவு செய்தனர். அவர்களிலே நம் வன்னிப் பெண்களும் பலர். கோடை வெயிலைக் குறை கூறும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வது நல்லது. கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையிலே இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. பெரும்பாலான நிலம் மீண்டுவிட்டது. எனினும் வடக்கிலே வேலை முற்றாக முடிந்துவிடவில்லை. பலகை நிற்கும் இடத்திலே இன்றும் கால் வைத்தலாகாது.

இதனாலே எங்கள் வயதினருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அகன்ற வெளியிலே நடந்தாலும் ஒற்றையடிப் பாதையின் நடுவிலேயே கால் போகும். மாதம் தவறாமல் மாடு மேயும் புல்வெளியானாலும் சரி, இறங்க மனம் ஒவ்வாது. ஆனால் எங்கள் பேரப்பிள்ளைகள் அப்படியல்லர். தும்பியைத் துரத்திக்கொண்டு இடமும் வலமும் ஓடுகிறார்கள்; விளாங்காய் பொறுக்கப் பற்றைக்குள்ளே புகுகிறார்கள். முதலிலே நமக்கு நெஞ்சு திக்கென்றது. பின்னர் ஒரு நாள், கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல் நின்று பார்த்தோம். அன்று கண்ட காட்சியை விடச் சிறந்த கோடைக் காட்சி ஒன்றை நாம் கண்டதில்லை.

ஓகஸ்ட் விடுமுறைக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் உறவினர் வருகின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் வெயிலைக் கண்டதும் வெளியே ஓடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளோ கைபேசியோடு மூலையிலே சுருண்டுவிடுகிறார்கள். சில மாத வெப்பத்துக்காக ஆண்டு முழுவதும் ஏங்கும் நாட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த அருமை நம் பிள்ளைக்குத் தெரியாமற் போகலாமா? விருந்தாளிப் பிள்ளையோடு அவர்களையும் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள். ஒரு போத்தலிலே மோரோ தேசிக்காய்த் தண்ணீரோ எடுத்துச் செல்லுங்கள். தலைக்குத் தொப்பியோ துவாயோ இருக்கட்டும். இருட்டு முன் திரும்பிவிடுங்கள்; காட்டோரத்திலே யானைப் பயம் உண்டு, சருகுக்குள்ளே புடையனும் உண்டு. கையிலே ஒரு விளக்கு இருப்பது நலம்.

செலவென்று பார்த்தால் சங்கிலிக்கு இரண்டு சொட்டு எண்ணெய், ஒரு பிடி விதை, தேய்ந்த ஒரு சோடிச் செருப்பு, அவ்வளவே. சோளகம் இன்னும் சில வாரமே வீசும். பின்பு வாடை எழும், மேகம் கறுக்கும், மண்வெட்டி நம்மை அழைக்கும். அதற்குள்ளே, நாளை விடியற்காலையே ஆனாலும் சரி, படலையைத் திறந்து வெளியே வாருங்கள். மீட்டெடுத்த நிலத்தை நம்முடையதாக வைத்திருக்க வேண்டுமானால் அதிலே நடமாட வேண்டும்.