ஆக்கப் பொறுத்த கறி

எங்கள் வீட்டுச் சமையலறையின் மேல் அலமாரியில் ஒரு மின்சாரச் சட்டி ஏழு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக்கு நாங்கள் குடிவந்த புதிதில் யாரோ கொடுத்த பரிசு. 'ஸ்லோ குக்கர்' என்று பேர். பேரைக் கேட்டதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சீக்கிரம் வேகத்தானே குக்கர்? மெதுவாக வேகிறதற்கு ஒரு குக்கரா!" என்று கேலி பண்ணிவிட்டு, அதில் வெங்காயமும் பூண்டும் போட்டு வைத்திருந்தேன்.

அதைக் கீழே இறக்கும்படி ஆனது என் மாமியாரால்.

மாமிக்கு நாகர்கோவில் பக்கம். எங்களோடுதான் இருக்கிறார். 2022 ஜனவரியில் ஒரு நாள் காலை, வாசல் படியில் உறைந்திருந்த பனியில் கால் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வயது அப்போது எழுபத்தெட்டு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கவும் ஆரம்பித்தார். ஆனால் சாப்பாடு? அதுதான் இறங்கவில்லை. ஆறு வாரத்தில் நாலரை கிலோ குறைந்துவிட்டார். உடம்பு இளைக்க இளைக்கப் பல்செட்டும் தளர்ந்து ஆட ஆரம்பித்தது. மெல்ல முடியவில்லை என்று சொல்ல வெட்கம். "பசியில்ல மக்களே" என்று கஞ்சியோடு நிறுத்திக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வயதானவர்கள் படுக்கையில் கிடந்தால் தசை சீக்கிரம் கரைந்துவிடும். எலும்பு கூடினாலும், தசையில் பலம் இல்லாவிட்டால் மறுபடி விழுவார். புரதம் கட்டாயம் வேண்டும்."

புரதப் பொடியைப் பாலில் கலக்கிக் கொடுத்தேன். "சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்கு" என்று தள்ளிவிட்டார். முட்டை ஒரு வாரத்தில் அலுத்துவிட்டது. எனக்கோ ஆஸ்பத்திரி லேபில் வேலை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் திரும்புவேன். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் என் கணவர் மாமிக்குத் துணை இருப்பார். துணைதான், சமையல் கிடையாது. முட்டை வேகவைப்பதோடு அவர் படிப்பு முடிந்துவிட்டது! நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு, ஊரார் ரத்தத்தைப் பரிசோதிக்கப் போகிறேனே என்று எனக்குள் ஓர் அரிப்பு இருந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் ராத்திரி மாமி தானாகவே சொன்னார்: "பன்னியெறச்சி தின்னு எத்தன நாளாச்சு! கிறிஸ்துமஸுக்கு வைப்பமே..."

வாய் திறந்து ஒன்றைக் கேட்டாரே, எனக்கு அதுவே போதும். அந்த ஞாயிற்றுக்கிழமையே கடைக்கு ஓடினேன். விலை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை என்று கொழுப்பே இல்லாத முதுகுக்கறியைப் பார்த்து வாங்கினேன். குக்கரில் விசில் வைத்தால் மேலே குழைந்து உள்ளே நாராகுமோ என்று பயந்து, வெங்காயத்தைக் கொட்டிவிட்டு அந்த மின்சாரச் சட்டியில் எட்டு மணி நேரம் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் பஞ்சு மாதிரி உலர்ந்து போயிருந்தது.

அடுத்த ஞாயிறு முன்னங்கால் சப்பையை, அதாவது தோள்பட்டைக் கறியை வாங்கினேன். நாலு மணி நேரம் ஆனதும் சமையல் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தேன். 71 டிகிரி செல்ஷியஸ். வெந்துவிட்டது என்று இறக்கிவிட்டேன். மாமி ஒரு துண்டை வாயில் போட்டு, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு நான் திரும்பியிருந்த நேரமாகப் பார்த்துக் காகிதத்தில் துப்பி மடித்துக்கொண்டார். "ருசியா இருக்கு மக்களே" என்றும் சொன்னார். ஜன்னல் கண்ணாடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது அழுதேன்.

லேபில் என்னோடு வேலை பார்க்கும் ஓர் அம்மாள், இதே மாநிலத்தில் உள்ள லெக்சிங்டன் என்ற ஊர்க்காரர். பன்றித் தோள்பட்டைக் கறிக்குப் பேர்போன ஊர் அது. ஹிக்கரி விறகுக் கங்கில் மணிக்கணக்காக வாட்டி எடுத்து, வினிகரும் மிளகாயும் கொஞ்சம் கெச்சப்பும் கலந்த சாற்றை ஊற்றிக் கொடுப்பார்கள். இந்தக் கறிக்கென்றே 1984-ல் தொடங்கிய திருவிழா அங்கே உண்டு. என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"வெந்ததும் எடுத்துவிட்டாயே! வேகிறது வேறு, மெத்தென்று ஆகிறது வேறு" என்றார். அவர் சொன்னதைக் கேட்டபோது, லேபில் வேலை பார்க்கிற எனக்கே வெட்கமாகிவிட்டது.

விஷயம் இதுதான். பன்றியின் தோள்பட்டை நாளெல்லாம் உடம்பைச் சுமந்து உழைக்கிற இடம். அதனால் அங்கே தசையை இணைத்துப் பிடிக்கும் சவ்வு அதிகம். இந்தச் சவ்வு 'கொலாஜன்' என்ற புரதத்தால் ஆனது. கறி சூடாக ஆக, 60, 70 டிகிரியில் தசைநார்கள் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்துவிடுகின்றன. நான் இறக்கியது சரியாக அந்தக் கட்டத்தில்! ஆபத்தில்லாமல் வெந்திருக்கும், ஆனால் மெல்ல முடியாது. அதற்கு மேல்தான் கொலாஜன் மெல்ல மெல்ல உருகி, வழவழப்பான ஜெலட்டினாக மாறும். இதற்குச் சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். 90, 95 டிகிரிக்கு வரும்போது கறி தானாகவே நார் நாராகப் பிரியும். உருகிய ஜெலட்டின் ஒவ்வொரு நாரையும் ஈரமாகப் பிடித்து வைக்கும். முதுகுக்கறியில் உருகுவதற்குச் சவ்வும் கொழுப்பும் குறைவு. எத்தனை நேரம் வைத்தாலும் உலரத்தான் செய்யும். விலை மலிந்த சப்பைதான் இதற்கு ஏற்றது.

"ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா" என்று சொல்வார்கள். நான் ஆக்கவே பொறுக்கவில்லை!

மூன்றாம் முறைக்கு ஒரு வேலைநாளையே தேர்ந்தெடுத்தேன். நான் வெளியே இருக்கிற பதினோரு மணி நேரம் அதற்குத் தோதாக இருந்தது. ஆனால் மாமி சம்மதிக்கவில்லை. "ஆள் பக்கத்துல இல்லாம அடுப்பு எரியலாமா?" என்றார். நான் உள்சட்டியை வெளியே எடுத்து அவர் மடியில் வைத்தேன். தடவிப் பார்த்தவர், விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"இது மண்சட்டில்லா!"

ஆமாம், சுட்ட களிமண்ணில் பளபளப்புப் பூசியதுதான். அதைச் சுற்றி மின்சாரச் சூடு. அவ்வளவுதான் சூட்சுமம்.

மாமியின் முகம் அப்படியே மாறிவிட்டது. கலியாணமாகி வந்த புதிதில் கிறிஸ்துமஸ் எப்படி நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். சாயங்காலமே மண்சட்டியில் கறியைக் கூட்டி வைத்து, விறகை வெளியே இழுத்துவிட்டு, சிரட்டைக் கங்கின் மேல் சாம்பலைத் தூவிவிடுவார்களாம். மூடிமேல் பூனைக்குப் பயந்து அம்மிக்குழவி! பிறகு எல்லோருமாக நடுராத்திரிப் பூசைக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்து திறந்தால் எலும்பு தனியாக, கறி தனியாகக் கழன்று கிடக்குமாம்.

"நான் கிட்ட நின்னாத்தான் வேகும்னு இல்ல மக்களே. தீயப் பதமா வச்சிட்டுப் போனா அது பாட்டுக்கு வேகும். நீ ஜோலிக்குப் போ" என்றார்.

அவர் சொன்னது கறியைப் பற்றித்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அரிப்பு அன்றோடு பாதி குறைந்தது.

இந்தச் சட்டி பிறந்த கதையையும் மாமிக்குச் சொன்னேன். இதைக் கண்டுபிடித்தவர் இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்க யூதர். அவருடைய குடும்பத்தின் பூர்வீக ஊர் லிதுவேனியாவின் வில்னா. யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். பிறகு அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் பயறும் கறியும் போட்ட சட்டியை ரொட்டிக் கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே ராத்திரி முழுக்க வெந்து, மறுநாள் சாப்பாட்டுக்குத் தயாராகிவிடும். பாட்டி வீட்டு வழக்கத்தை அம்மா சொல்லக் கேட்டு, நாக்ஸன் மின்சாரத்தில் அதைச் செய்து 1940-ல் காப்புரிமை பெற்றார். அவருடைய கம்பெனியை 1970-ல் ரைவல் நிறுவனம் வாங்கி, 1971-ல் 'க்ராக்-பாட்' என்ற பேரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிய காலம். விற்பனை அமோகம்! யூத மரபில் பன்றி இறைச்சி விலக்கு. அவர்கள் வழக்கத்தில் பிறந்த சட்டியில் இதைச் சமைக்கிறேனே என்று மனசுக்குள் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமி, "அவளுக்கும் கோயிலுக்குப் போணும்லா" என்று மட்டும் சொன்னார்.

இனி செய்முறை. எலும்போடு கூடிய தோள்பட்டைக் கறி சுமார் 1.8 கிலோ. ஐந்தரை லிட்டர் சட்டிக்கு இது சரியான அளவு. சட்டி பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ் நிறைய வேண்டும். தோலையும் மேலே தடித்திருக்கும் கொழுப்பையும் சீவிவிடுங்கள். முந்தின ராத்திரியே ஒரு மேஜைக்கரண்டி உப்பு, ஒன்றரை மேஜைக்கரண்டி மிளகுப்பொடி, இரண்டு மேஜைக்கரண்டி மல்லிப்பொடி, ஒரு மேஜைக்கரண்டி மிளகாய்ப்பொடி, ஒரு தேக்கரண்டி மஞ்சள்பொடி, ஒரு தேக்கரண்டி சோம்புப்பொடி, இரண்டு மேஜைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது எல்லாம் தடவி, தனிப் பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வையுங்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்பைப் பாதியாகக் குறைக்கலாம்.

காலையில் இரும்புச் சட்டியில் கறியை எல்லாப் பக்கமும் மூன்று மூன்று நிமிஷம் சிவக்க வாட்டுங்கள். நேரமில்லாவிட்டால் இதை விட்டுவிடலாம், மணம் சற்றுக் குறையும், அவ்வளவே. மின்சாரச் சட்டியின் அடியில் கால் கிலோ சின்ன வெங்காயம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, அவற்றின் மேல் கறி, கால் கப் வினிகர், கால் கப் தண்ணீர். போதும். கறியே நிறையச் சாறு விடும். 'லோ' நிலையில் பத்து மணி நேரம். எலும்பைப் பிடித்து இழுத்தால் சுத்தமாகக் கழன்று கையோடு வர வேண்டும். அதுதான் பதம். வரவில்லையா? இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள்.

சாற்றைத் தனியாக வடித்து, மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். மறுநாளைக்கு என்றால் ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு ஆடையாக உறைந்துவிடும், தகடு போல எடுத்துவிடலாம். மாமிக்கு, கறியை முள்கரண்டியால் உதிர்த்து, இன்னும் பொடியாக நறுக்கி, சாறு விட்டுக் குழைந்த சோற்றில் பிசைந்து கொடுத்தேன். மற்றவர்களுக்குத் தேங்காய்ப் பல்லை வறுத்துப் போட்டுப் பிரட்டினேன். வெந்த கறி 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கும்.

சில எச்சரிக்கைகள். உறைந்த கறியை அப்படியே போடாதீர்கள். முதல் நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு நீக்குங்கள். 4 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் பெருகும் சூடு. உறைந்த கறி அதைத் தாண்ட வெகுநேரம் எடுக்கும். நடுவில் மூடியைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் போன சூடு திரும்பக் கால் மணிக்கு மேல் ஆகும். நீங்கள் வெளியே போயிருந்தபோது மின்சாரம் நின்றுபோயிருந்தால், மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள். மீதிக் கறியை இந்தச் சட்டியில் சுட வைக்காமல் அடுப்பில் கொதிக்க வையுங்கள்.

"பன்றிக்கறி தின்றால் மூளையில் புழு வரும்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அரைவேக்காட்டுக் கறியால் வருவது குடலில் வளரும் நாடாப்புழு. மூளையில் கட்டி உண்டாக்குவது அந்தப் புழுவின் முட்டை. அது புழு உள்ளவரின் மலத்திலிருந்து, கழுவாத கை வழியாகவும் அசுத்தமான தண்ணீர், காய்கறி வழியாகவும் வருவது. எனவே சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் அது வரலாம். கறியை நன்றாக வேகவைப்பது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, இரண்டும் வேண்டும்.

மின்சாரச் சட்டி இல்லையே என்று யோசிக்க வேண்டாம். கறியைப் பெரிய துண்டுகளாக்கி, அடிகனமான பாத்திரத்தில் இறுக மூடி, சிறு தீயில் மூன்று மணி நேரம் வைக்கலாம். பிரஷர் குக்கரில் முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து நாற்பது நிமிஷம். பன்றி இறைச்சி சேராதவர்கள் ஆட்டின் முன்னங்கால் சப்பையை இதே போலச் செய்யலாம்.

அன்று சாயங்காலம் கதவைத் திறந்தபோது மிளகு வாசனை தெருவாசல் வரை வந்து கூப்பிட்டது. உள்ளே பார்த்தால், மாமி வாக்கரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் கணவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"மத்தியானத்திலேருந்து மூணு தரம் தொறக்கப் பாத்தான். 'தொறக்காத லே, சூடு போயிரும்'னு கையில ஒண்ணு போட்டேன்" என்றார் மாமி.

எலும்பைத் தொட்டேன். கழன்று வந்தது. மாமி அன்று சோற்றை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காகிதம் எதுவும் மடிக்கவில்லை. அடுத்த மாதப் பரிசோதனையில் எடை ஒரு கிலோ ஏறியிருந்தது. கறி மட்டுமா காரணம்? முட்டை, தயிர், பருப்பு, நடைப்பயிற்சி எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் ஆரம்பித்து வைத்தது இந்தச் சட்டி.

இப்போது வெங்காயம் பூண்டுக்கு வேறு கூடை வாங்கிவிட்டேன். ராத்திரி படுக்கப் போகும்முன் மாமியின் அறையிலிருந்து ஒரு குரல் வரும்:

"சட்டியக் கழுவி வச்சாச்சா மக்களே?"