கண் காணாத நிலவு

"கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டீரோ?" என்று நம்மைக் கேட்போர் உளர். கூட்டம் முடிந்து திரும்பும் வழியிலும், உறவினர் வீட்டுத் திண்ணையிலும் நாம் பலமுறை கேட்ட கேள்வி இது. கேட்பவர் முகத்திலே வெற்றிப் புன்னகை! காற்றைக் கண்டீரா, கருத்தைக் கண்டீரா என்று அடுக்குவர். அவர்கட்கு நாம் கூறும் மறுமொழி ஒரு நிலவின் வரலாறு.

கிரேக்கரின் பழங்கதையிலே இயாப்பெட்டஸ் என்றொருவன். விண்ணுக்கும் மண்ணுக்கும் பிறந்த டைட்டன்களில் ஒருவன், குரோனசின் உடன்பிறந்தான். மாந்தர்க்காக நெருப்பைக் கவர்ந்து, அக்குற்றத்திற்காகப் பாறையிலே பிணிக்கப்பட்ட புரோமிதியசைப் பெற்றவன். சீயசோடு நடந்த போரிலே தோற்றுப் பாதாளத்திலே அடைக்கப்பட்டான். கதிரவன் ஒளி காணாது அவன் அங்கு அமர்ந்திருப்பதாக ஹோமரின் இலியத் கூறும். கற்பனை வளம் மிக்க கதை! சுவைப்போம், நடந்ததென நம்பச் சொன்னால் மறுப்போம்.

1671ஆம் ஆண்டு. பாரிஸ் வான் ஆய்வுக் கூடத்திலே காசினி என்னும் அறிஞர், சனிக்கோளின் மேற்கே ஒரு புதிய நிலவைக் கண்டார். அது சுற்றிக்கொண்டு கிழக்கே வரவேண்டிய நாளிலே தேடினார், காணோம்! மேற்கே வந்தால் தெரிந்தது. கிழக்கே சென்றால் மறைந்தது.

மாயம் என்றாரா? மண்டியிட்டாரா? இல்லை, சிந்தித்தார். இந்நிலவின் ஒரு பாதி வெளுப்பு, மறுபாதி கறுப்பு. நம் நிலவைப் போன்றே தன் கோளுக்கு என்றும் ஒரே முகத்தைக் காட்டுகிறது. ஆகவே மேற்கே வருங்கால் வெண்பாதியும், கிழக்கே வருங்கால் கரும்பாதியும் நம்மை நோக்குகின்றன என்றார். அங்ஙனமாயின், ஆற்றல் மிக்க தொலைநோக்கிக்கு அது கிழக்கிலும் மங்கலாகவேனும் தெரிந்தாக வேண்டும். 1705இல் தெரிந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தது அவர் கருத்து!

சனிக்கோளுக்கு உரோமர் சூட்டிய பெயர் சாட்டர்ன். அவனைக் கிரேக்கரின் குரோனசாகவே கருதினர். எனவே ஜான் ஹெர்ஷல் 1847இல் அதன் நிலவுகட்குக் குரோனசின் சுற்றத்தார் பெயர்களை வழங்கினார். இந்நிலவு இயாப்பெட்டஸ் ஆயிற்று.

காசினியின் பெயர் தாங்கிய விண்கலம் 2007இல் அதனை நெருங்கிப் பறந்து படம் எடுத்தது. ஒரு பாதி கரி, மறுபாதி பனி! காரணமும் விளங்கிற்று. ஃபீபி என்னும் வெளி நிலவிலிருந்து உதிரும் தூசு இதன் முன்முகத்திலே படிகிறது. கறுத்த இடம் வெயிலை மிகுதியாக உறிஞ்சுகிறது. அங்குள்ள பனி ஆவியாகிக் குளிர்ந்த வெண்புறத்திலே சென்று உறைகிறது. கறுப்பு மேலும் கறுக்கிறது. வெளுப்பு மேலும் வெளுக்கிறது.

சிறு தொலைநோக்கி ஒன்றை இரவல் பெற்று மொட்டைமாடியிலே நாமும் தேடினோம். மேற்கே ஒரு மங்கற்புள்ளி அகப்பட்டது. அது சனியைச் சுற்ற 79 நாள். எனவே நாற்பது நாள் கழித்துக் கிழக்கே பார்த்தோம். எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தைக் கண்டு நாம் அடைந்த மகிழ்ச்சி பெரிது! அங்கே நிலவு உண்டென்பதில் நமக்கு ஐயம் எழவில்லை.

ஆம், தோழர்களே! காணாததையும் நாம் ஏற்போம். எங்கே, எப்போது, எக்கருவி கொண்டு பார்த்தால் தெரியும்? தெரியாவிடின் தம் கருத்தைக் கைவிடுவரா? கேலி பேசுவோர் இதற்கு விடை கூறட்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருக்கவும் நாம் ஆயத்தம்.