முதுகுக்குக் கீழே ஒரு போர்வை

ஹேமக் குளிர் நாட்டுப் பொருள் அல்ல. கரீபியத் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களின் 'ஹமாக்கா' என்ற சொல்தான் ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஹேமக் ஆனது. வெக்கையும் ஈரமும் உள்ள ஊரில், தரையில் ஊர்வனவற்றிலிருந்து தப்பித்து, நாலு பக்கமும் காற்று பட உறங்குவதற்கான ஏற்பாடு அது. நம் வீட்டுத் தூளியும் கயிற்றுக் கட்டிலும் அதே யோசனைதான். மே மாதத்தில் கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டுப் படுத்தவர்களுக்குத் தெரியும், சுகம் வருவது முதுகுக்குக் கீழே ஓடும் காற்றிலிருந்து.

வட கரோலினாவின் அக்டோபர் இரவில் அதே காற்றுதான் எதிரி.

நான் இங்கே ஆய்வு மாணவி. வார இறுதியில் வெளியே போவதென்றால் விடுதி அறை வாடகை கட்டுப்படியாகாது. ஆனால் காரில் போகும் தூரத்தில் யுவாரி தேசியக் காடு இருக்கிறது. கூடாரம் அடிக்கவோ ஹேமக் கட்டவோ அங்கே பல இடங்களில் காசு கேட்க மாட்டார்கள். மரப்பட்டை அறுபடாதபடி அகலமான பட்டையை இரண்டு மரங்களில் சுற்றிக் கட்டினால் படுக்கை தயார். காடு எல்லோருக்கும் பொது என்று சொல்கிறார்கள். பகலில் அது உண்மை. ராத்திரி தங்கத்தான் டிக்கெட் வேண்டும். அந்த டிக்கெட்டின் பெயர் போர்வை.

சென்ற வருடம் என் அறைக்குப் புதிதாக வந்த பெண்ணும் கூட வருகிறேன் என்றாள். சிவகாசிப் பக்கம். படிப்புக்கு வாங்கிய வங்கிக் கடனுக்கு அப்பா மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஹேமக்கை யாரிடமாவது இரவல் வாங்கிவிடலாம். போர்வைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டாள்.

"நல்லதா எடுத்தா 200 டாலருக்கு மேலேயே போகும்."

"அக்கா, அது அப்பாவோட வட்டிக் காசைவிட ஜாஸ்திக்கா. என்கிட்ட 60 டாலர்தான் இருக்கு. ரெண்டு கம்பளியை மேல போத்திக்கிட்டா ஆகாதா?"

ஆகாது. ஏன் ஆகாது என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

போர்வை தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் நம் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. தூக்கப்பைக்குள் புகுந்து ஹேமக்கில் படுத்தால், முதுகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு நம் எடையில் நசுங்கி, அந்தக் காற்று வெளியேறிவிடும். மிஞ்சுவது வெறும் துணி. கீழே ஓடும் குளிர்காற்று நேராக இடுப்பைப் பிடிக்கும். மேலே எத்தனை கம்பளி போட்டாலும் இதுதான் கதி. அதனால்தான் அடிப்போர்வை. அது ஹேமக்குக்கு உள்ளே கிடக்காமல் வெளியே, அடியில் தனியாகத் தொங்குகிறது. நம் எடை அதன்மேல் விழுவதில்லை. நசுங்காததால் சூடு நிற்கிறது.

ஆக, முதல் காசு கீழே போக வேண்டும். மேலுக்கு வீட்டில் இருக்கும் ரஜாய் போதும்.

அடுத்து, உள்ளே என்ன அடைத்திருக்கிறது. டவுன் என்பது வாத்தின் நெஞ்சுப்புறத்து மென்பஞ்சு. ஒரு அவுன்ஸ் டவுன் எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்பதுதான் அட்டையில் போடும் 650, 800 என்ற எண்கள். எண் கூடினால் விலை கூடும். ஆனால் 800 தரும் அதே சூட்டை 650-ம் தரும், கொஞ்சம் அதிகமாக அடைத்தால். எடைதான் ஏறும். அப்பலாச்சியன் பாதையின் இரண்டாயிரத்துச் சொச்ச மைலையும் முதுகில் மூட்டையோடு நடப்பவருக்கு ஒவ்வொரு அவுன்ஸும் கணக்கு. காரை நிறுத்திவிட்டு அரை மைல் நடக்கும் நமக்கு அது பொருட்டே இல்லை.

டவுன் நனைந்தால் சப்பிப்போகும். பாலியஸ்டர் இழை நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும், விலையும் குறைவு. ஆனால் மடித்தால் பெரிய மூட்டை, திரும்பத் திரும்ப அமுக்கினால் சீக்கிரம் தளர்ந்துவிடும். நான் வைத்திருப்பது அந்த ரகம்தான். தோளிலிருந்து முழங்கால் வரை மட்டும் வரும் முக்கால் நீளம். ஊருக்குத் திரும்பிய ஒரு சீனியர் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. காலுக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம் போட்டுக்கொள்வேன். நீளத்தைக் குறைப்பதும் காசைக் குறைக்கும் வழிதான்.

அட்டையில் போட்டிருக்கும் வெப்பநிலையை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. தூக்கப்பைகளைச் சோதிக்க ஐஎஸ்ஓ 23537 என்ற தர அளவு இருக்கிறது. அடிப்போர்வைக்கு பெரும்பாலும் விற்பவர் சொல்வதுதான். 40 டிகிரி ஃபாரன்ஹீட் என்றிருந்தால், 50 டிகிரி வரை நிம்மதியாகத் தூங்கலாம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். நம் கணக்கில் அது 10 டிகிரி செல்சியஸ்.

60 டாலருக்கு எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, நீல நிற ஃபோம் பாய். ரொம்ப மலிவு, நசுங்காது. ஆனால் ராத்திரி முழுக்க நழுவும், முதுகு வேர்க்கும். இரண்டாவது, ராணுவ உபரிக் கடைகளில் கிடைக்கும் போஞ்சோ லைனர். வியட்நாம் போர்க்காலத்திலிருந்து புழக்கத்தில் இருக்கும், அமெரிக்கச் சிப்பாய்கள் இப்போது 'வூபி' என்று செல்லமாகக் கூப்பிடும் மெல்லிய போர்வை. ஓரத்தில் கட்டுக்கயிறு இருப்பதால் அப்படியே தொங்கவிடலாம். கோடைக்குப் போதும், அக்டோபருக்குப் போதாது. மூன்றாவது, காஸ்ட்கோவில் 20 டாலர் அளவில் விற்கும், சோபாவில் போர்த்திக்கொள்ளும் டவுன் போர்வை. ஹேமக்காரர்கள் பல வருடங்களாக அதை வாங்கி அடிப்போர்வையாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"தைக்கணுமா? எங்கம்மா டெய்லர்க்கா" என்றாள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

இரண்டு போர்வைகள். நீளவாக்கு ஓரங்களில் நாடா வைத்துத் தைத்து, அதற்குள் எலாஸ்டிக் கயிறு. இரண்டு முனைகளிலும் சுருக்குக் கயிறு. நடுவில் ஊசி படக் கூடாது, துளை வழியாக இறகு வெளியே வரும். ஏற்கெனவே தையல் ஓடும் விளிம்பிலேயே தைக்க வேண்டும். இரண்டு சாயங்காலம் கையாலேயே தைத்தாள். சில்லறைச் சாமான்களையும் சேர்த்து 60 டாலருக்குள் முடிந்தது.

முதல் இரவு காட்டில் வேண்டாம் என்றேன். குளிரில் உடம்பு வெடவெடத்தால் பத்தடியில் கதவு இருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓக் மரங்கள். கட்டி, அவளைப் படுக்கச் சொல்லி, ஹேமக்குக்கும் போர்வைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். இடைவெளி இருந்தால் குளிர்காற்று அங்கே குடியேறும். இழுத்துக் கட்டினால் பஞ்சு நசுங்கும். தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அதைச் சரிசெய்யத்தான் அரை மணி நேரம் ஆனது. முனைகளைச் சுருக்கி, தார்ப்பாயைக் காற்று வரும் பக்கம் தாழ்த்திக் கட்டினோம்.

அடுத்த வாரம் யுவாரியில் 46 டிகிரி ஃபாரன்ஹீட். விடியும் முன் நான் எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டைகூட வந்தது. அதுவரை எத்தனை பேருக்கு இந்தப் போர்வை எடை பேசியிருக்கிறேன், அன்றைக்குத்தான் அந்தக் கணக்கு ஒரு ஆளாகி என் முன்னால் தூங்கியது.

எழுந்ததும் ஹேமக்கின் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்தாள். சிக்னல் கிடைத்த இடத்தில் அம்மாவுக்கு அனுப்பினாள். காட்டில் தனியாக ஏன் படுத்தாய், யாரெல்லாம் கூட வந்தார்கள் என்றெல்லாம் கேள்வி வரும் என்று பயந்துகொண்டிருந்தாள். அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

"ஓரத் தையல் பரவால்ல. முடிச்ச எடத்துல இன்னொரு தடவை ரிவர்ஸ் போட்டிருக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தது.